பை காக்கும் விருந்தாளி

விமரிசனம் என்றால் புத்தகத்தைப் பற்றியோ, நாடகத்தைப் பற்றியோ, சினிமாவைப் பற்றியோ எழுதுவது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மனிதன் யோசித்துக் கட்டிய எதைப் பற்றியும் விமரிசனம் எழுதலாம் என்பது என் கட்சி. ஒரு கடைவீதிக்கும் பஸ் நிலையத்துக்கும்கூட ஆசிரியன் ஒருவன் உண்டு; அவன் மனத்திலே ஒரு வாசகனும் உண்டு. நாவலாசிரியன் தன் வாசகன் யார் என்று முன்னுரையில் சொல்லாமல் விட்டாலும், பத்துப் பக்கம் படித்தால் நமக்குத் தெரிந்துபோகிறது. அதே மாதிரி, ஒரு பொது இடத்தைக் கட்டியவர் யாரை எதிர்பார்த்துக் கட்டினார் என்பது வாசற்படியிலேயே தெரிந்துவிடும்.

இப்போது நான் எடுத்துக்கொண்டிருப்பது கேளிக்கைப் பூங்கா. 'தீம் பார்க்' என்று சொன்னால்தான் பேரன் பேத்திகளுக்கு விளங்கும். விமரிசகனுக்கு இது வெகு சௌகரியமான விஷயம். ஒரு நாவல் சந்தோஷம் தராவிட்டாலும் சிந்தனை தருகிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பூங்காவுக்கு அந்த வழி கிடையாது. காசு வாங்கிக்கொண்டு அது கொடுப்பதாகச் சொல்வது உல்லாசம் ஒன்றைத்தான். யாருக்குக் கொடுக்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்று கேட்பதுதான் அதற்குரிய விமரிசனம்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் குடும்பத்தார் 24 பேர், இரண்டு வேன்களில், கோவைச் சீமையிலுள்ள ஒரு பூங்காவுக்குப் போனோம். பெயர் வேண்டாம், நான் சொல்ல வந்த குறை ஓர் இடத்துக்கு மட்டும் உரியது அல்ல. கூட வந்தவர்களில் என் சித்தப்பாவின் மகளும் ஒருத்தி. வயசு ஐம்பத்தைந்து. கைக்குழந்தையாக இருக்கும்போதே போலியோவில் இரண்டு கால்களையும் இழந்தவள். சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். இந்தியாவில் இயற்கைப் போலியோக் கிருமி கடைசியாக ஒரு குழந்தையைத் தாக்கியது 2011 ஜனவரியில், வங்காளத்து ஹௌராவில். 2014 மார்ச்சில், நாட்டில் போலியோ ஒழிந்தது என்று சான்றும் கிடைத்துவிட்டது. வியாதி போய்விட்டது, அந்த வியாதி தொட்ட மனிதர்கள் நம்மோடுதான் இருக்கிறார்கள். இவள் கோபியிலே தையற்கடை வைத்து நாலு பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கிறவள். வேனில் அன்று ஏறியதிலிருந்து எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டு வந்தவளும் அவள்தான்.

சீட்டு வாங்கும் இடத்தில் அவளுக்குச் சலுகை கொடுத்தார்கள். மரியாதையாகத்தான் கொடுத்தார்கள். உள்ளே போகும் வழியிலோ சுழல் கம்பிக் கதவு. நாற்காலி நுழையாது. பக்கத்திலே பெரிய கதவு ஒன்று இருந்தது. அதன் சாவி யாரிடமோ இருந்தது. கால் மணி நேரம் கழித்து உள்ளே போனால், ஒவ்வொரு விளையாட்டுக்கும் முன்னால் நாலு படி, ஐந்து படி. அலைக்குளத்தின் கரையிலே மருமகப் பிள்ளைகள் இரண்டு பேர் நாற்காலியோடு அவளைத் தூக்கிக் கொண்டுபோகத் தயாரானார்கள். காவலுக்கு நின்ற பையன், "ரிஸ்க்குங்க, வேண்டாமுங்க" என்று குறுக்கே வந்தான்.

"ஏனுங் தம்பி, கணுக்கால் அளவுத் தண்ணிதானுங்களே இது? இதுல நான் எங்கீங்க முழுகப் போறேன்?" என்று அவள் கேட்டாள்.

அவனிடம் பதில் இல்லை. அவனுக்கு யாரும் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. 'வேண்டாம்' என்ற ஒரு வார்த்தையைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

பிறகு நடந்ததுதான் நான் கவனிக்கச் சொல்வது. மரத்தடி பெஞ்சுக்குப் பக்கத்தில் அவள் நாற்காலியை நிறுத்தினோம். ஒருத்தி வந்து, "அக்கா, இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்றாள். அடுத்தவர் கைபேசியைக் கொடுத்தார். தாலிக்கொடியும் சங்கிலியும் கைக்குட்டை முடிச்சில் வந்து சேர்ந்தன. சாயங்காலம் வரையில் பதினொரு பை, கண்ணாடிகள், பேத்தியின் கொலுசு எல்லாவற்றுக்கும் அவளே பொறுப்பு. அரைமணிக்கு ஒருவர் முறை வைத்து வந்து, "போரடிக்குதா?" என்று விசாரித்துவிட்டு ஈரக்காலோடு ஓடினார்கள். அவள் சொன்னாள்: "கோயில்ல செருப்புக் காக்கறவனுக்காச்சும் ஜோடிக்கு ரண்டு ரூவா குடுப்பாங்க."

எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு யோசித்துப் பாருங்கள். பூங்கா அவளைத் தடுத்தது. குடும்பம் அவளுக்கு ஓர் உத்தியோகம் கொடுத்தது. பெரிய கூட்டமாகப் போகும்போது இது வெகு சுலபமாக நடந்துவிடுகிறது. இரண்டு பேர் போனால், ஒருவர் ஏற முடியாத ராட்டினத்தில் மற்றவரும் ஏறாமல் பேசிக்கொண்டிருப்பார். 24 பேர் போனால், ஒருவர் வெளியே நிற்பது எவருக்கும் நஷ்டமாகத் தெரிவதில்லை. அது மட்டுமா? லாபமாகக்கூட ஆகிவிடுகிறது. பை காக்க ஆள் கிடைத்ததல்லவா? அன்பு இல்லாதவர்கள் இப்படிச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அன்பு ஏராளமாக இருந்தது. அவளையும் விளையாட வந்தவளாக நினைக்கும் கற்பனைதான் இல்லை.

பூங்காக்காரர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு; அதைச் சொல்லாவிட்டால் விமரிசனம் வசையாகிவிடும். தலைகீழாகச் சுழலும் ராட்டினத்தில் காலை ஊன்றி, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் உயிருக்குப் பத்திரம். அங்கே 'கூடாது' என்று சொல்வது கடமை. காரணம் சொல்லும் 'கூடாது' வேறு, ஆளைப் பார்த்தவுடன் வரும் 'கூடாது' வேறு. முதலாவது விளையாட்டின் தன்மையைப் பார்த்துப் பேசுகிறது. இரண்டாவது நாற்காலியைப் பார்த்துப் பேசுகிறது. அலைக்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரை மாதிரி, கரையில் ஆழமே இல்லாமல் தொடங்கிச் சரிந்து கொண்டே போகிற தரை அது. சக்கரம் இறங்குவதற்கென்றே போட்ட சாய்தளம் போல் இருக்கிறது. தண்ணீரில் போகும் நாற்காலி ஒன்று, கூட நிற்க ஒரு ஆள் - இவ்வளவு போதும். இதற்குப் பெரிய மூலதனம் தேவையா?

அதிலும் கோயமுத்தூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதே வேடிக்கை. 1937ல் இந்தியாவின் முதல் மின்சார மோட்டார் தயாரான ஊர் இது. ஜி.டி. நாயுடுவின் பெயரைச் சொல்லாமல் இந்த ஊரின் சரித்திரம் இல்லை. நாட்டின் மூலைமுடுக்கிலுள்ள கிணறுகளுக்கெல்லாம் பம்ப்செட் செய்து அனுப்பும் சீமை. சறுக்கு விளையாட்டுக்காகத் தண்ணீரை நாற்பதடி உயரம் ஏற்றத் தெரிந்தவர்களுக்கு, ஒரு மனுஷியை நாலடி ஏற்றத் தெரியாதா? தெரியும். ஏற்ற வேண்டும் என்று தோன்றவில்லை.

தோன்றினால் என்ன நடக்கும் என்பதற்குப் பழனி சாட்சி. அந்த மலைக்கு 693 படிகள். 1966லேயே அங்கே இழுவை ரயில் வந்துவிட்டது. 2004ல் கம்பிவட ஊர்தியும் வந்தது. முதியவர்களும் நடக்க இயலாதவர்களும் அவற்றில் ஏறிப் போய் முருகனைத் தரிசிக்கிறார்கள். 'நடக்க முடியாதவருக்குத் தரிசனம் எதற்கு?' என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பக்தி அவர்களுக்கும் தேவை என்று நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம். மருந்து தேவை, உதவித்தொகை தேவை, பஸ் சலுகை தேவை - இவ்வளவும் சம்மதம். உல்லாசம் தேவை என்று மட்டும் சொன்னால் நம் முகம் மாறுகிறது. 'அவங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?' என்கிறோம். நம் தர்ம சிந்தனையின் எல்லை அந்த இடத்தில் தெரிந்துபோகிறது.

சட்டம் நம்மைவிடத் தாராளமாக யோசித்திருக்கிறது. ஊனமுற்றோர் உரிமைகளுக்கென்று 2016ல் நிறைவேறிய சட்டத்தின் 29ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களோடு சமமாகக் கலந்துகொள்ளும் உரிமையை அரசு காக்க வேண்டும் என்கிறது. பொது இடங்களின் வசதிக்கான விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்துக்கே முரண் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கட்டாய விதிகளை வகுக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் 2010ல் 'மாற்றுத் திறனாளி' என்று பெயரையும் மாற்றிக்கொண்டோம். பெயர்ப்பலகை எழுதுகிறவர் வேலையை முடித்துவிட்டார். கொத்தனார்தான் இன்னும் வரவில்லை.

கொத்தனாருக்கு முன்னால் வந்திருக்க வேண்டியவர்கள் கதாசிரியர்கள். நம் கதைகளிலும் படங்களிலும் ஊனமுற்றவருக்கு என்ன பாத்திரம் கொடுத்திருக்கிறோம்? 1959ல் வந்த பீம்சிங்கின் 'பாகப்பிரிவினை'யில் சிவாஜி கணேசன் கண்ணையனாக வாழ்ந்து காட்டினார். ஒரு கை விளங்காத அந்த நல்லவனை ஊரே நேசித்தது. முடிவில் என்ன? கை குணமாகிவிடுகிறது. குணமாகாத கையோடு அவன் சந்தோஷமாக இருக்கலாம் என்று கதைக்கு நம்பிக்கை வரவில்லை. 2003ல் வந்த 'அன்பே சிவம்' ஒரு படி மேலே போயிற்று. விபத்தில் உடல் கோணிய நல்லசிவம் பிரயாணம் செய்கிறார், வாதாடுகிறார், கிண்டலடிக்கிறார். கடைசி வரையில் உடம்பு சரியாவதும் இல்லை. ஆனாலும் கதை அவரைத் தியாகியாக்கித் தனியே நடக்க வைத்துத்தான் முடிகிறது. தியாகமும் வேண்டாம், அதிசயமும் வேண்டாம்; ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் நனைந்துவிட்டு வரும் ஒரு பாத்திரம் நம் எழுத்தில் எத்தனை உண்டு? எழுத்தாளன் கற்பனை செய்யாததைக் கட்டடக்காரர் கற்பனை செய்யவில்லை என்று எப்படிக் கோபித்துக்கொள்வது?

உலகத்தில் வேறிடங்களில் கற்பனை செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்து ஸான் அண்டோனியோ நகரத்தில், கார்டன் ஹார்ட்மன் என்பவர் மகளுடன் விடுமுறைக்குப் போயிருந்தபோது ஒரு நீச்சல் குளத்தில் மற்றக் குழந்தைகள் அவளோடு விளையாடாமல் விலகிப் போனதைப் பார்த்தார். மார்கன் என்ற அந்த மகளின் பெயரிலேயே 2010ல் ஒரு பூங்கா எழும்பியது. சக்கர நாற்காலியோடு ஏறிச் சுற்றும் குதிரை ராட்டினம் அங்கே இருக்கிறது. 2017ல் நீர்ப் பூங்காவும் சேர்ந்தது. மின்சாரத்துக்குப் பதில் அழுத்தக் காற்றில் ஓடும் நாற்காலிகள் அங்கே தண்ணீருக்குள் போகின்றன. ஊனமுற்றவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அது ஊனமுற்றவர்களுக்கென்று ஒதுக்கிவைத்த இடமும் அல்ல. அண்ணன் தம்பிகளும் அத்தை மாமன்களும் ஒரே ராட்டினத்தில் ஏறுவதற்காகக் கட்டியது. தனிப் பூங்கா கேட்டால் நமக்குக் கிடைப்பது இன்னொரு மரத்தடி பெஞ்சுதான்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2022 நவம்பரில் சென்னை மெரினா மணலின் மேல் மரப்பலகைப் பாதை ஒன்று போட்டார்கள். 263 மீட்டர் நீளம். வாழ்நாளெல்லாம் சாலையிலிருந்தே கடலைப் பார்த்தவர்கள் அன்றைக்கு அலை அருகே போனார்கள். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து பாதையைச் சேதப்படுத்திவிட்டது. சீர்செய்து மறுபடி திறந்தார்கள். 'அவர்களுக்குக் கடல் எதற்கு?' என்று விட்டுவிடவில்லை. மனிதன் கட்டாத கடலுக்கே வழி போட முடிந்தபோது, மனிதன் கட்டிய அலைக்கு வழி போட முடியாதா?

ஆகவே பூங்கா முதலாளிகளுக்கு விமரிசகன் என்ற முறையில் என் சிபாரிசு சிறியது. அடுத்த வருஷம் இன்னொரு உயரமான சறுக்குக்குப் பணம் ஒதுக்கும் முன், உங்கள் பூங்காவை ஒரு நாள் சக்கர நாற்காலிக்காரர் ஒருவரோடு சுற்றிப் பாருங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். எந்த விளையாட்டு முடியும், எது முடியாது, ஏன் முடியாது என்று வாசலிலேயே எழுதி வையுங்கள். பெரிய கதவின் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுங்கள்.

வாசகர்களுக்கு ஒன்று. கூட்டமாகப் புறப்படுகிறவர்கள் காலையிலேயே பைக்கு முறை போட்டுக்கொள்ளுங்கள், ஆளுக்கு அரைமணி. பாதுகாப்புப் பெட்டியின் வாடகை ஒன்றும் பெரிய தொகை அல்ல. போகிற இடத்தில் அவரால் என்ன முடியும் என்று முதல் நாளே விசாரித்து, அந்த விளையாட்டுக்கு எல்லாரும் முதலில் போங்கள். மற்றவற்றுக்குப் பிறகு நேரம் இருக்கிறது.