பெரியம்மாவோடு பார்த்த ‘பெர்ஃபெக்ட் டேஸ்’

விம் வெண்டர்ஸின் ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ (2023) படத்தை இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை தனியாக. நண்பர்கள் சொன்னதுபோலவே எனக்கும் கண் கலங்கியது. இரண்டாவது முறை பெரியம்மாவோடு. அவர் கிள்ளானில் ஒரு பேரங்காடியில் 11 வருஷம் தண்டாஸ் கழுவியவர். அரை மணி நேரம் பேசாமல் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இவரு வர்றதுக்கு முன்னாடியே யாரோ கழுவிட்டுப் போயிட்டாங்க போலிருக்கே?”

அதற்குப் பிறகு அந்தப் படத்தை என்னால் பழைய மாதிரி நினைக்க முடியவில்லை.

தோக்கியோவின் ஷிபுயா வட்டாரத்தில் 17 பொதுக் கழிப்பறைகளை நிப்பான் அறக்கட்டளை புதுப்பித்துக் கட்டியது. 2020இல் தொடங்கி 2023 வரை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். தடாவ் அண்டோ, கெங்கோ குமா, ஷிகெரு பான் என்று எல்லாம் பெரிய தலைகள். பான் கட்டியது வண்ணக் கண்ணாடி அறைகள். உள்ளே சுத்தமாக இருக்கிறதா, ஆள் இருக்கிறார்களா என்று வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். தாழ்ப்பாள் போட்டால் கண்ணாடி மங்கிவிடும். துப்புரவாளர்களின் சீருடையைக்கூட நிகோ என்ற ஆடை வடிவமைப்பாளர் செய்துகொடுத்தார். வெண்டர்ஸிடம் முதலில் கேட்கப்பட்டது இந்தக் கழிப்பறைகளைப் பற்றிய சில குறும்படங்கள்தான். அவர் முழுநீளக் கதையாக எடுத்தார். ஆக, படமே கழிப்பறைக்காகக் கேட்டு வாங்கிய கலை. அதனால்தான் அதில் உழைப்பு இருக்கிறது, அழுக்கு இல்லை. ஹிராயாமா தேய்க்கிறார், துடைக்கிறார். எதைத் துடைக்கிறார் என்பதை மட்டும் காமிரா பார்க்க மறுக்கிறது.

ஓரிடம் விதிவிலக்கு. யகுஷோ ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்துப் பீங்கானின் அடிப்பக்கத்தைப் பார்ப்பார். பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அங்கதான்டா இருக்கும்!” கான் விழாவில் யகுஷோவுக்குச் சிறந்த நடிகர் விருது கொடுத்தவர்களும் இதை இவ்வளவு சரியாகக் கவனித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

படத்தை நிறுத்திவிட்டு, போனில் நியூசிலாந்தின் கவகவா ஊர்க் கழிப்பறையைக் காட்டினேன். எனக்கு மிகவும் பிடித்தது அது. அந்தப் பக்கம் பல வருஷம் வாழ்ந்த ஓவியர் ஹுண்டர்ட்வாஸர், ஊரின் பழைய கழிப்பறையைப் புதுப்பித்து 1999இல் முடித்தார். இடித்த கட்டடத்தின் செங்கல், காலி பாட்டில்களால் ஒரு சுவர், உள்ளூர் மாணவர்கள் செய்த ஓடுகள். அங்கிருந்த மரத்தைக்கூட வெட்டாமல் கட்டடத்தோடு சேர்த்துக்கொண்டார். ஊர்க்காரர்களின் கை பட்டது என்பதால் ஷிபுயாவைவிட இதை ஒரு படி மேலே வைப்பேன். பெரியம்மா படத்தை விரல்களால் பெரிதாக்கி, ஓடுகளுக்கு நடுவிலிருந்த கோடுகளைப் பார்த்தார். “அழகாத்தான் இருக்கு. இடுக்குல பிரஷ் போவுமா?”

நேர்கோட்டை வெறுத்த ஹுண்டர்ட்வாஸரைப் பற்றி நான் படித்த எதிலும் இந்தக் கேள்வி இல்லை. டுஷாம்ப் 1917இல் சிறுநீர்ப் பீங்கானைக் கண்காட்சிக்கு அனுப்பியபோதும் அதைக் கழுவும் வேலை யாருக்கும் இருக்கவில்லை. ஆனால் கழிப்பறைக்குள் வரும் கலை தினமும் நனையும்.

பெரியம்மா வேலை செய்த பேரங்காடியிலும் ஒருமுறை தண்டாஸைப் புதுப்பித்து, ஓவியர் ஒருவரை வைத்துச் சுவர் முழுக்கக் காடு வரைந்தார்கள். அதில் ஒரு பெரிய இருவாச்சிப் பறவை. 30 காசாக இருந்த கட்டணம் 50 காசானது. நான்கே மாதத்தில் பறவையின் வால் வெளுத்துவிட்டது. கெமிக்கல் ஊற்றித் தேய்த்ததால் என்று பெரியம்மாவின் சம்பளத்தில் 50 வெள்ளி பிடித்தார்கள். ஊற்றாவிட்டால் நாற்றம் என்று புகார் வரும்.

“அந்த ஓவியர் மேல கோவம் வரலையா?”

“அந்தப் பொண்ணு என்னா பண்ணும்? மூணு நாளு வரைஞ்சிச்சு, நான்தான் தே தண்ணி வாங்கிக் கொடுத்தேன். என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், தரையிலேருந்து மூணு அடிக்கு ஒண்ணும் வரையாதம்மான்னு.” கொஞ்சம் யோசித்து, “ஆனா அந்தப் பறவை நல்லா இருந்துச்சுடா” என்றார்.

பொதுக்கலை பற்றி நான் படித்த கட்டுரைகளில் பார்வையாளர் வருகிறார், பயனாளர் வருகிறார், நகரத்தின் அடையாளம் வருகிறது. அந்த மூன்று அடி எதிலும் வந்ததில்லை. ஓவியரைக் கூப்பிடும் கூட்டத்துக்கு மாப்பு பிடிப்பவரையும் கூப்பிட்டிருந்தால் இருவாச்சி இன்னும் கொஞ்சம் உயரத்தில் உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான் நான் கேட்பது.

மீதிப் படத்தையும் பார்த்தோம். கடைசிக் காட்சியில் விடியற்காலை வெளிச்சத்தில் ஹிராயாமா வேன் ஓட்டிக்கொண்டு போகிறார். முகம் மட்டும் நீண்ட நேரம்.

“வீட்டுக்கா போறாரு?”

“வேலைக்கு, பெரியம்மா.”

“அப்ப ஏன் சிரிக்கிறாரு?”

“அழவும் செய்யறாரு, பாருங்க.”

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். “ஆமா” என்றார்.