மேடையும் மெய்ம்மையும்: ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ – ஒரு திறனாய்வு

நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே காட்டுவதுதான் ஆவணப்படத்தின் இலக்கணம் என்பர். ஆயின், எதைக் காட்டுவது, எதை விடுப்பது என்று தெரிந்தெடுக்கும் கை ஒன்று அதன் பின்னே எப்போதும் உண்டு. அக்கை யாருடையது என வினவுவது திறனாய்வாளன் கடமையாகும். அவ்வினாவை எழுப்புதற்கு, மார்ட்டின் ஸ்கோர்செசி இயக்கி 1978இல் வெளிவந்த ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ என்னும் படத்தினும் ஏற்ற சான்று காண்டல் அரிது.

‘தி பேண்ட்’ என்னும் ராக் இசைக்குழுவினர் ஐவர். நால்வர் கனடா நாட்டினர்; முரசு கொட்டிப் பாடும் லெவான் ஹெல்ம் மட்டும் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தவர். முதலில் ரானி ஹாக்கின்சுக்கும் பின்னர் பாப் டிலனுக்கும் பக்கபலமாக வாசித்துத் தேர்ந்து, அதன்பின் தம் பெயரால் புகழ் ஈட்டியவர்கள் இவர்கள். ‘தி பேண்ட்’ என்ற பெயருடன் 1969இல் முதன்முதல் மேடையேறிய சான் பிரான்சிஸ்கோ நகரத்து விண்டர்லாண்ட் அரங்கிலேயே, 1976 நவம்பர் 25 அன்று விடைபெறும் விழாவையும் நடத்தினர். அந்நாள் அமெரிக்கர் கொண்டாடும் நன்றி நவிலும் நாள். வந்திருந்த ஏறத்தாழ 5,000 பேருக்கும் முதலில் விருந்து, பின்னர் இசை. டிலன், மடி வாட்டர்ஸ், ஜோனி மிட்செல், நீல் யங், வான் மாரிசன் எனப் பெரும் பாடகர் பலர் வந்து உடன் பாடினர். அவ்விரவின் இசை 1978இல் மூன்று தட்டுகள் கொண்ட தொகுப்பாகவும் வெளிவந்தது.

ஸ்கோர்செசி நிகழ்ச்சியைத் தற்செயலுக்கு விட்டுவிட்டவர் அல்லர். எந்த அடி பாடப்படும்போது எந்தக் கேமரா யாரை நோக்க வேண்டும் என்பதை முந்நூறு பக்க அளவில் முன்னரே வரைந்து வைத்தார். திரைக்கதைப் படங்களுக்குரிய 35 மி.மீ. சுருளிலேயே படம் பிடித்தார். மேடைக்கோ ‘லா டிராவியாட்டா’ இசைநாடகத்தின் அரங்கப் பொருள்கள் அணிசெய்தன. இரவின் இறுதியில் பாடப்பெற்ற பாடல் படத்தின் தொடக்கத்தில் வந்து நிற்கிறது. முடிவை முதலில் வைத்ததனால் பின்வரும் ஒவ்வொரு பாடலும் பிரிவின் நிழலில் ஒலிக்கின்றது. இஃது ஆவணத்தின் முறை அன்று, காவியத்தின் முறை.

எனினும், திட்டத்தை மீறிய ஓரிடம் உண்டு. மடி வாட்டர்ஸ் பாடத் தொடங்கியபோது ஏனைய கேமராக்கள் சுருள் மாற்றுவதற்காக ஓய்ந்திருந்தன. ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அம்முதுபெரும் பாடகர் வெட்டின்றி, இடையீடின்றி, நெடுநேரம் நம் கண்முன் நிற்கிறார். எழுதி வைத்த ஏடு செய்ய இயலாததை ஒரு தற்செயல் செய்துவிட்டது. படத்தின் உச்சம் இதுவே என்பது எம் துணிபு.

இசைத்தட்டுக்கு வருவோம். அரங்கில் பதிந்தது எனப் போற்றப்படும் அத்தொகுப்பின் ஆறாம் பக்கம் முழுமையும் பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானதாகும். ஏனைய பக்கங்களிலும் சில பகுதிகள் பின்னர் இசைத்துச் சேர்க்கப்பட்டன. இதனைப் பொய் எனத் தள்ளிவிடலாமா? ஒலியின் வழுவைத் திருத்துவது பெருங்குற்றமன்று. மனிதரை மறைப்பதோ அத்தகையதன்று.

உண்மையான குறை அங்கேதான் இருக்கின்றது. குழுவின் கிதார் கலைஞர் ராபி ராபர்ட்சன் படத்தின் தயாரிப்பாளரும் ஆவார். நேர்காணல்களில் அவர் குரலே ஓங்கி ஒலிக்கின்றது. ரிச்சர்ட் மானுவலும் கார்த் ஹட்சனும் அருகியே தோன்றுகின்றனர். 1993இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலில் ஹெல்ம் இதனைக் கடிந்து எழுதினார். குழு கலைவதைத் தாம் விரும்பியதில்லை என்றும் உரைத்தார். ராபர்ட்சன் நீங்கலாக ஏனையோர் 1983இல் மீண்டும் கூடி இசைத்தமை அக்கூற்றுக்கு அரண் செய்கின்றது. ஒருவரின் விடைபெறல் ஐவரின் விடைபெறலாகத் திரையில் நிலைத்துவிட்டது.

ஆயினும் நடுநிலை பிறழலாகாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்னகத்தின் துயரை ஹெல்ம் முரசு கொட்டியவாறே பாடுமிடத்தில், கேமரா அவர் முகத்தை விட்டு நெடிது அகலுவதில்லை. பாடலின் ஆசிரியராகக் குறிக்கப்படுபவர் ராபர்ட்சன். அதற்கு உயிர் ஈந்தவர் ஹெல்ம். பின்னாளில் பிணங்கிய இருவரும் ஒருவரின்றி ஒருவர் நிறைவுறாமையைப் படமே, தன்னையறியாமல், சான்று பகர்கின்றது.

மானுவல் 1986இலும், ரிக் டான்கோ 1999இலும், ஹெல்ம் 2012இலும், ராபர்ட்சன் 2023இலும், ஹட்சன் 2025இலும் மறைந்தனர். தம் பக்கத்து வழக்கை எடுத்துரைக்க ஐவருள் ஒருவரும் இன்றில்லை. எஞ்சியிருப்பவை படமும் பதிவுமே. ஆகவே அவற்றை நாம் இருமுறை காணல் வேண்டும்: ஒளி விழும் முகங்களைக் கண்டு மகிழ ஒருமுறை, ஒளி விழாத மூலையில் அமர்ந்து இசைப்பவரைத் தேடிக் காண மறுமுறை. இரண்டாம் முறை காண்பார்க்கே அவ்விரவு முழுமையாகப் புலனாகும்.