நீங்களே செஞ்சதா?

இந்தக் குறிப்பை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வருடமாக இழுத்துக்கொண்டே இருந்தேன். விமர்சனத்தில் பாதி என் மேலேயே விழும் என்பதுதான் காரணம்.

ஒரு கைவினைக் கண்காட்சி. எந்த ஊர், யார் நடத்தியது என்பது இங்கே தேவையில்லை. நான் ஆலங்காயத்துக்காரன், தோலைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்பதால், ஸ்டால்களைச் சரிபார்க்கும் தன்னார்வலர்களில் ஒருவனாக என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். விதி ரொம்ப எளிமை: பொருள் கையால் செய்ததாக இருக்க வேண்டும், செய்தவரே விற்க வேண்டும். வாங்கி விற்பவர்களுக்கு இடம் கிடையாது. அந்த விதியை முழுமனதோடு ஆதரித்தவன் நான். சென்னையில் மொத்த விலைக்கு வாங்கிய சாமானைப் பரப்பி வைத்து "கைவேலை" என்று விற்பவர்களைப் பார்த்துப் பார்த்து எரிச்சல் ஏறியிருந்தது.

முதல் நாள் இரண்டு தோல் ஸ்டால்கள் என் பங்குக்கு வந்தன.

முதலாவதில் மேஜை ஓரத்தில் ஊசி, குத்தூசி, சுத்தியல், ஒரு துண்டுத் தோல் எல்லாம் அழகாக வைத்திருந்தார்கள். பர்ஸ், பெல்ட், பை. "நீங்களே செஞ்சதா?" என்று கேட்டேன். "ஆமா சார், பரம்பரைத் தொழில்" என்றார். கைவினைஞர் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். டிக் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

இரண்டாவதில் ஒரு அக்கா. எங்கள் பக்கத்து ஊர்தான், பேச்சிலேயே தெரிந்தது. கட்டிங் வேஸ்ட் தோலைக் கிலோ கணக்கில் வாங்கி, சின்னச் சின்ன சில்லறைப் பைகளும் சாவிக்கொத்துகளும் தைத்து வைத்திருந்தார். அதே கேள்வி.

"பாதி நான் தெச்சது தம்பி. மீதி எங்க தெருவுல நாலு பேரு தெச்சது. அவங்களுக்குக் கம்பெனி வேல இருக்குது, வர முடியாது. வித்துட்டுப் போயி பிரிச்சிக்குவோம்."

அட்டை கிடையாது. தாளில் "வாங்கி விற்பவர்" என்று எழுதினேன். சாயங்காலம் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சொல்லப் போனவனும் நான்தான். பைகளை ஒரு அரிசி மூட்டைக்குள் போட்டுக்கொண்டே கேட்டார்: "எல்லாம் நானே தெச்சதுன்னு சொல்லியிருந்தா உட்டிருப்பீங்களா தம்பி?"

விட்டிருப்பேன்.

மறுநாள்தான் முதல் ஸ்டாலின் பர்ஸ் ஒன்றைக் கையில் எடுத்துத் தையலைப் பார்த்தேன். கைத்தையலில் ஒரே நூலின் இரு முனையிலும் இரண்டு ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் விடுவார்கள். ஒரு இடத்தில் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். மெஷினில் மேல் நூல் ஒன்று, அடியில் பாபின் நூல் ஒன்று, இரண்டும் தோலுக்கு நடுவே கொக்கி போட்டுக்கொள்ளும். அந்த ஸ்டாலில் இருந்த எல்லாம் மெஷின் தையல். மேல் நூலும் அடி நூலும் நிறம்கூட வேறு. இருபது பர்ஸிலும் தையல் தொடங்கும் இடம், முடியும் இடம் ஒன்றுபோல. இதை முதல் நாளே பார்த்திருக்கலாம். அட்டையைப் பார்த்ததும் பொருளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

இதை வெறும் கவனக்குறைவு என்று முடித்துவிடலாம். ஒரு வருடம் யோசித்த பிறகு, விதியிலேயே கோளாறு இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த விதி பொய்க்கு வழி விடுகிறது, உண்மை சொல்பவரை வெளியே தள்ளுகிறது.

எங்கள் பக்கத்துக் கைவேலை

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் இந்தத் தோல் பட்டையில் "கைவேலை" என்ற சொல்லுக்கு வேறு ஒரு முகம் உண்டு. லோஃபர், மொக்காசின் வகை ஷூவில் முன்பக்கம் சுருக்கம் வைத்துத் தைத்த ஒரு கோடு இருக்கும். அந்தச் சுருக்கத்தை இழுத்துப் பிடித்துத் தைக்க மெஷினைவிடக் கைதான் தோது. அதனால் ஷூவின் மேல்பாகங்களைத் துளை போட்டு, மூட்டையில் கட்டி, ஏஜெண்ட் மூலமாக வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். பெண்கள் சமையல் வேலைக்கு நடுவே வாசலில் உட்கார்ந்து தைக்கிறார்கள். கூலி ஜோடிக்கு இவ்வளவு என்று கணக்கு. விரல் வெடிக்கும், முதுகு பிடிக்கும், சாயங்காலத்துக்கு மேல் கண் எரியும்.

இதைப் பற்றி 2016-இல் பெங்களூருவின் சிவிடெப் அமைப்பும் பிரிட்டனின் இரண்டு தொழிலாளர் அமைப்புகளும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. ஆம்பூர் வட்டாரத்தில் வீட்டிலிருந்து தைக்கும் பெண்களுக்கு ஒரு ஜோடிக்குக் கிடைத்த கூலி பத்து ரூபாயைச் சுற்றியே இருந்ததை அது பதிவு செய்தது. ஐரோப்பியக் கடைகளில் அந்த ஷூவின் விலை அதைப்போலப் பல நூறு மடங்கு.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிநாட்டுக் கடையில் இருக்கும் அந்த ஷூவின் முன்பக்கம் நிஜமாகவே கையால் தைத்தது. யார் தைத்தார் என்று அங்கே எந்தப் பலகையும் கிடையாது. கண்காட்சியில் இருந்த பர்ஸ் மெஷினில் தைத்தது. அதற்கு மேலே "கைவேலை" பலகை. அந்த அக்காவும் தெருவுக்காரர்களும் பகலில் கம்பெனி ஷூவும், மிச்ச நேரத்தில் தங்களுக்கென்று சில்லறைப் பையும் தைத்தவர்கள். தங்கள் பெயரில் ஏதாவது விற்க அவர்களுக்குக் கிடைத்த ஒரே இடத்திலிருந்து அவர்களைத் துரத்தியவன் நான்.

அட்டையும் முத்திரையும்

மத்திய அரசின் கைவினைத் துறை 2016 முதல் கைவினைஞர்களுக்கு "பெஹ்சான்" என்ற அடையாள அட்டை தருகிறது. கடன், பயிற்சி, கண்காட்சி இடம் எல்லாவற்றுக்கும் உதவும், நல்ல ஏற்பாடு. ஆனால் "இவர் கைவினைஞர்" என்பதைத்தான் அது சொல்லும். இவர் மேஜையில் இன்றைக்கு இருக்கும் பர்ஸை யார் தைத்தார் என்று அது சொல்லாது. வாசலில் அட்டையை மட்டும் பார்த்தால், அட்டை உள்ளவர் யாருடைய சரக்கையும் கொண்டு வரலாம்.

முத்திரைகளிலும் இதே சிக்கல். 2004-இல் வந்த சில்க் மார்க், நூல் சுத்தமான பட்டு என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். சேலை கைத்தறியா விசைத்தறியா என்பது அதன் வேலை இல்லை. அதற்கு 2006-இல் வந்த கைத்தறி முத்திரை தனி. கல்யாணச் சேலை எடுக்கப் போகும் எத்தனை பேர் இந்த வித்தியாசம் தெரிந்து கேட்கிறார்கள்? முத்திரை ஒன்றைச் சொல்ல, வாங்குபவர் வேறொன்றாகப் புரிந்துகொள்கிறார். அந்த இடைவெளியில்தான் போலி வியாபாரம் நடக்கிறது.

டில்லி ஹாட் 1994-இல் தொடங்கியபோது கைவினைஞர் நேரடியாக விற்க வேண்டும், 15 நாளுக்கு ஒருமுறை ஸ்டால் மாற வேண்டும் என்று வைத்தார்கள். அதை உருவாக்குவதில் முன்நின்ற ஜெயா ஜேட்லியே, வியாபாரிகள் உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று பிறகு வெளிப்படையாகக் குறைபட்டிருக்கிறார்.

நம்ம ஊரிலேயே இதற்கு நெருங்கிய உதாரணம் உழவர் சந்தை. 1999 நவம்பர் 14-ஆம் தேதி மதுரையில் முதல் சந்தை திறந்தார்கள். இடைத்தரகர் கிடையாது, விவசாயியே விற்பார், படத்தோடு அடையாள அட்டை. அங்கேயும் வியாபாரிகள் புகுந்துவிட்டார்கள் என்ற புகார் ஓயவில்லை. ஆனால் அதில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. அதிகாரி நிலத்தில் என்ன பயிர் இருக்கிறது என்று பார்த்துத்தான் அட்டை தர வேண்டும். கத்திரிக்காய் போட்டவர் தினமும் கேரட் கொண்டுவந்தால் கேள்வி வரும். ஆளையும் பொருளையும் சேர்த்துப் பார்க்கிறது. கைவினைக் கண்காட்சியில் இதற்குச் சமமான கேள்வியை நான் கேட்கவே இல்லை: "ஒரு மாசத்துக்கு உங்க கையால எத்தனை பர்ஸ் தைக்க முடியும்? இங்க எத்தனை இருக்குது?"

வாங்கி விற்பதே தப்பா?

கோ-ஆப்டெக்ஸ் 1935 முதல் நெசவாளர் சங்கங்களிடம் வாங்கித்தான் விற்கிறது. 1973-இல் தொடங்கிய பூம்புகார் நிறுவனம் சுவாமிமலைச் சிலையையும் தஞ்சாவூர்த் தட்டையும் அப்படித்தான் விற்கிறது. "செய்தவரே விற்க வேண்டும்" என்ற விதிப்படி இரண்டையும் வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். தறியை விட்டுவிட்டு நெசவாளர் பத்து நாள் ஸ்டாலில் நின்றால் அந்தப் பத்து நாள் கூலி போச்சு. கைக்குழந்தை வைத்திருப்பவர், வயசானவர், ஊரை விட்டு அனுப்ப வீட்டில் சம்மதிக்காத பெண் என்று யாரோ ஒருவருக்காக இன்னொருவர் விற்கத்தான் வேண்டும்.

ஆகவே என்னுடைய கோபத்தை இடம் மாற்றிக்கொண்டேன். வாங்கி விற்பவர் செய்தவரை மறைக்கிறாரா, காட்டுகிறாரா என்பதுதான் கேள்வி. கோ-ஆப்டெக்ஸ் 2010-களில் சில சேலைகளோடு நெய்தவரின் படமும் பெயரும் உள்ள அட்டையைச் சேர்த்துக் கொடுத்தது. கடையில் நிற்பவர் நெய்யவில்லை, ஆனால் நெய்தவர் யார் என்று வாங்குபவருக்குத் தெரியும். அதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

உலக அளவிலும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். 2005-இல் கைவினைப் பொருளுக்கென்றே தொடங்கிய எட்சி இணையச் சந்தை, 2013-இல் வெளித் தயாரிப்பாளர்களின் உதவியை அனுமதித்தது. அதன் பிறகு தொழிற்சாலைச் சரக்கு நிரம்பிவிட்டது என்று பழைய விற்பனையாளர்கள் கொதித்தார்கள். 2024-இல் அது புதிய வகைகளைக் கொண்டு வந்தது: விற்பவர் செய்தது, வடிவமைத்தது, தேடிப் பொறுக்கியது, செய்பவர்களுக்கான மூலப்பொருள். பிரிப்பு நல்லதுதான். ஆனால் எந்த வகை என்பதை விற்பவரே சொல்லிக்கொள்ளலாம். முதல் ஸ்டால்காரர் அங்கேயும் "நானே செஞ்சது" என்றுதான் போடுவார்.

என்ன செய்யலாம்?

எனக்குத் தோன்றுவது இதுதான். "கையால் செய்தது" என்ற பலகையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஸ்டாலிலும் மூன்று வரி எழுதச் சொல்ல வேண்டும். எந்த ஊரில் செய்தது. எந்த வேலை கையால், எந்த வேலை மெஷினால். செய்தவருக்கு இந்த ஒரு பொருளுக்கு எவ்வளவு போனது.

மூன்றாவது வரிதான் முக்கியம். முதல் இரண்டை யார் வேண்டுமானாலும் கதை கட்டலாம். கூலியை எழுதச் சொன்னால் கை கொஞ்சம் தயங்கும். மொத்த விலைக்கு வாங்கி வந்தவருக்கு அந்த விவரமே தெரியாது. பொய்யாக ஒரு தொகை எழுதினால், "கைவேலை" போல அது மழுப்பலான சொல் கிடையாது. பில் கேட்கலாம், தைத்தவரிடமே கேட்கலாம். தவறான விளம்பரத்தை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஏற்கெனவே தடுக்கிறது.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று இருக்கிறது. பெயர், கூலி எல்லாம் வெளியே வந்தால் கம்பெனி வேலை தரும் ஏஜெண்ட், "ஓ, தனியா வேற விக்கிறியா" என்று அடுத்த மூட்டையைக் கொடுக்காமல் போகலாம். எங்கள் பக்கத்தில் இது கற்பனை பயம் இல்லை. அதனால்தான் ஊர் போதும், பெயர் அவரவர் விருப்பம் என்கிறேன். சரிபார்ப்பவர்களிடம் மட்டும் பெயர் இருந்தால் போதும். கண்காட்சி நடத்துபவர்களுக்கு இது கூடுதல் வேலைதான். ஆனால் அட்டை பார்த்து டிக் போடுவதை வேலை என்று சொல்ல எனக்கு இனிமேல் வாய் வராது.

வாங்கப் போகும் நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. "நீங்களே செஞ்சதா?" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் ஆமாம் என்பார்கள். "யார் தெச்சாங்க, எந்த ஊரு, ஒண்ணுக்கு எவ்ளோ குடுப்பீங்க?" என்று கேளுங்கள். தெரிந்தவர் சட்டென்று சொல்வார். அந்த அக்கா நான் கேட்காமலேயே முதல் வாயிலேயே பாதியைச் சொல்லிவிட்டார்.

அவரை அப்புறம் இரண்டு முறை வாணியம்பாடி பஸ்ஸில் பார்த்தேன். முதல் முறை பேசத் தைரியம் வரவில்லை. இரண்டாவது முறை பேசினேன். மன்னிப்பு கேட்டதற்குச் சிரித்துவிட்டு, "இன்னும் இருவது பை அப்படியே கெடக்குது தம்பி, யாராச்சும் கேட்டா சொல்லுங்க" என்றார். பத்தை நான் வாங்கிக்கொண்டேன். ஒரு பை 80 ரூபாய். அதில் தைத்தவருக்கு 50, தோலுக்கும் நூலுக்கும் 18, மீதி பஸ் செலவுக்கு. கேட்டதும் சொன்னார்.