மைனருக்கு வந்த 1098

மொறிஸ் மைனரை ஓட்டின எவருக்கும் அந்தக் காரைப் பிடிக்காமல் போகாது. ஆனால் 1098 சீசீ எஞ்சின் பூட்டின மைனரை ஓட்டினவருக்குத்தான் அது எப்பேர்ப்பட்ட கார் என்று தெரியும். இதை நான் எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன். எஞ்சின் மாற்றி முடித்த நாளிலிருந்து எனக்கு வேறு கதையே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுக்க முதலே பொனற்றைத் திறந்து காட்டிவிடுகிறேன்.

கார் அப்பாவினது. மைனர் 1000, 948 சீசீ எஞ்சின், முப்பத்தேழு குதிரைவலு. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்திலும் அது நின்றதில்லை. காபரேற்றருக்குள் துளிப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, மணம் பரப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும் ஓடிய கார்களில் அதுவும் ஒன்று. இந்த ஊர் மைனர்களுக்கும் ஒஸ்ரின்களுக்கும் நாங்கள் பட்ட கடன் பெரிது. மண்ணெண்ணெயோ முழுதாக எரிவதில்லை. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரால் வழிந்து கீழே ஒயிலோடு கலக்கும். ஒயில் நீர்த்துப்போனால் ரிங்கும் பெயரிங்கும் தேயும். அப்படித் தேய்ந்து தேய்ந்துதான் எங்கள் 948 கடைசியில் நீலப் புகை விட்டது. சூடேறினால் ஒயில் விளக்கு மினுங்கத் தொடங்கிவிடும்.

அதையே திருத்தியிருக்கலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் சுன்னாகப் பக்கம் ஒரு வளவில், உடல் முழுக்கக் கறல் தின்ற ஒரு மைனர் நிற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். உள்ளே 1098 எஞ்சின், அதற்குரிய கியர்பொக்ஸ், பின் அச்சு, முன் பிரேக் எல்லாம் அப்படியே இருந்தன. 1962க்குப் பிறகு வந்த மைனர்களுக்குப் பூட்டிய எஞ்சின் அது. நாற்பத்தெட்டு குதிரைவலு. 948ஐ விடப் பதினொன்றுதான் கூட என்று கணக்குப் பார்க்கிறவர்கள் பிஸ்டன் போய்வரும் தூரத்தையும் பார்க்க வேண்டும். 948இல் அது 76.2 மில்லிமீற்றர், 1098இல் 83.7. அந்த நீளம் எஞ்சின் மெல்லச் சுற்றும்போதே இழுவையைத் தருகிறது. எங்கள் சந்திகளுக்கும் சைக்கிள்களுக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடுவில் வேண்டியது அந்த இழுவைதான்.

எங்கள் மெக்கானிக் அண்ணையின் கையில் அந்த எஞ்சின் புதுப்பிறவி எடுத்தது. போர் வெட்டி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்கைச் சாணை பிடித்து, ஹெட்டுக்குக் கடினமான எக்சோஸ்ற் வால்வு சீற் அடித்தார். இந்த சீற் விஷயத்தில் காசு மிச்சம் பிடிக்கவே கூடாது. அந்தக் காலப் பெற்றோலில் இருந்த ஈயம்தான் வால்வு சீற்றைத் தேயாமல் காத்தது. இன்றைய பெற்றோலில் ஈயம் இல்லை.

இனி எனக்கு மிகப் பிடித்த கட்டம். மைனரின் பொனற்றைத் திறந்தால், இவ்வளவு சின்னக் காருக்குள் எஞ்சினைச் சுற்றி ஏன் இத்தனை இடம் என்று யாருக்கும் தோன்றும். அலெக் இஸிகோனிஸ் இந்தக் காரை வரைந்தபோது இரண்டு பக்கமும் படுத்திருக்கும் நாலு சிலிண்டர் எஞ்சினை மனதில் வைத்தே முன்பக்கத்தை அகலமாக அமைத்தார். அந்த எஞ்சின் உற்பத்திக்கு வரவில்லை. 1948இல் கார் வெளிவந்தபோது 918 சீசீ பழைய பக்கவால்வு எஞ்சின் ஒன்றே உள்ளே இருந்தது. இடம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது! பொனற்றின் நடுவில் முன்னும் பின்னும் ஓடும் தட்டையான பட்டியும் அவருடைய கைவேலைதான். கடைசி நேரத்தில் கார் ஒடுக்கமாகத் தெரிகிறதென்று மாதிரிக் காரை நெடுக்காகப் பிளந்து, நாலு அங்குலம் அகட்டினார். அந்த நாலு அங்குலத்தின் புண்ணியத்தில்தான் இன்றைக்கு என் கை முழங்கை வரை உள்ளே போகிறது. ஸ்ராட்டர் கழற்றலாம், டைனமோ கழற்றலாம், கீழே விழுந்த நட்டை எட்டி எடுக்கலாம். இன்றைய கார்களில் பிளக் மாற்றவே மூச்சு முட்டுகிறது.

“தம்பி, எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஒண்டாத்தான் இறக்கோணும். தனித்தனியா இறக்கிப்போட்டு காருக்குக் கீழ படுத்து மல்லுக்கட்டாதையும்” என்றார் அண்ணை. பொனற், ரேடியேற்றர், முன் தகடு எல்லாம் கழன்றன. உள்ளே கம்பளத்தைத் தூக்கி கியர்பொக்ஸ் மூடியையும் குறுக்குச் சட்டத்தையும் எடுத்தோம். கராச்சின் பனை வளையில் செயின் புளொக் தொங்கியது. பழைய 948 வால் கீழாக, மூக்கு மேலாகச் சரிந்து வெளியே வந்தது. புதியது அதே சரிவில், கியர்பொக்ஸின் வால் முதலாக உள்ளே நுழைந்தது. அண்ணை சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக இறக்க, நான் எஞ்சினை அணைத்துப் பிடித்து வழிகாட்டினேன். இரண்டு பக்கத்து எஞ்சின் மவுண்டிலும் போல்ட் கையாலேயே திருகிப் போனது. ஒரு துளையைக்கூடப் பெருப்பிக்கவில்லை, ஒரு தகட்டையும் வெட்டவில்லை. பிரிந்துபோன பிள்ளை வீட்டு வாசலைத் தானே கண்டுபிடித்து வந்தமாதிரி அந்த எஞ்சின் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

எஞ்சினோடு அதன் கியர்பொக்ஸையும் சேர்த்தே வாங்குங்கள் என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் மன்றாடுகிறேன். 1098இன் கிளச் ஏழேகால் அங்குலம், பழையது ஆறேகால். பெரிய கிளச்சுக்குப் பெரிய கூடு வேண்டும். பின் அச்சின் விகிதமும் 4.55இலிருந்து 4.22க்கு இறங்குகிறது. இதை விட்டால் புது எஞ்சின் சும்மா கத்திக்கொண்டு ஓடும். முன் பிரேக் ட்ரம்மும் ஏழு அங்குலத்திலிருந்து எட்டாக வேண்டும். எஞ்சினுக்குச் செலவழித்துவிட்டுப் பிரேக்கைப் பிறகு பார்ப்போம் என்கிறவர்களோடு நான் பயணம் போகமாட்டேன். எஞ்சின் இலக்கம் மாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். அலைச்சல்தான், ஆனாலும் செய்துவிடுங்கள்.

முதல் ஸ்ராட்! பிளக் நாலையும் கழற்றிவிட்டு, ஒயில் விளக்கு அணையும்வரை வெறுமனே சுற்றவிட்டோம். பிளக்கைப் பூட்டித் திறப்பைத் திருப்பியதும் எஸ்யூ பம்ப் டிக் டிக் என்று அடிக்கத் தொடங்கியது. காபரேற்றர் நிறைந்ததும் அது தானாக நின்றது. “இப்ப இழும் தம்பி” என்றார் அண்ணை. ஸ்ராட்டர் குமிழை இழுத்தேன். இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அண்ணை காபரேற்றர் பக்கம் காதைச் சரித்து, திருகாணியைக் கால் சுற்று திருப்பி, கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே நான் இன்னொரு எஞ்சினும் மாற்றுவேன்.

புது எஞ்சினை மெதுவாகப் பழக்கி முடித்ததும், ஏ9 வீதியால் கண்டிக்குப் போனோம். ஏறத்தாழ 320 கிலோமீற்றர். ஆனையிறவில் பக்கக் காற்று வந்து மோதியபோதும் கார் நேர்கோட்டில் போனது. வவுனியா தாண்டி, மிகிந்தலை தாண்டி, தம்புள்ளையில் சாப்பாடு. மாத்தளைக்குப் பிறகு பலகடுவ ஏற்றம். பழைய எஞ்சினோடு அதில் ஏறியது நினைவிருக்கிறது. இரண்டாம் கியரில் முனகி முனகி, பின்னால் வரும் பஸ்காரரின் ஹோர்னைக் கேட்டபடி ஏறுவோம். இப்போது மூன்றாம் கியரில் கால் முழுதாக அமுக்காமலே ஏறியது! வளைவில் கொஞ்சம் விட்டு மறுபடி அமுக்கினால், தயக்கமில்லாமல் இழுத்தது. பின் இருக்கையில் இருந்த அம்மா, “அப்பா இருந்திருந்தா இறங்கியே இருக்கமாட்டார்” என்றா. இறக்கத்தில் அக்ஸிலேற்றரை விட்டதும் எக்சோஸ்றில் அந்தப் புகழ்பெற்ற புர்ர்ர் சத்தம். மைனருக்கு மட்டுமே உரிய சத்தம் அது. அதற்காகவே தேவையில்லாத இடங்களிலும் காலை எடுத்தேன்.

சில நண்பர்கள் ஜப்பான் எஞ்சின் பூட்டச் சொன்னார்கள். வேகம் கூடத்தான் செய்யும். அதற்காகத் தகட்டை வெட்டி, மவுண்டை ஒட்டி, மைனரை மைனராக இல்லாமலாக்க எனக்கு மனம் வராது. 1275 சீசீ பூட்டலாம் என்போருக்கு நான் எதிரியல்ல, அதுவும் இதே குடும்பம்தான். 1951இல் ஒஸ்ரின் ஏ30இல் தொடங்கி, 1959இல் மினிக்குள் குறுக்காகத் திரும்பி உட்கார்ந்து, உலகம் முழுக்க ஓடிய குடும்பம். ஆனால் மைனரின் உடம்புக்கும் எங்கள் வீதிக்கும் 1098 போதும், நிறையவே போதும். மூன்று பெயரிங்கில் நிற்கும் கிராங் என்பதால் உச்ச வேகத்தில் வருத்தக்கூடாது, அவ்வளவுதான். வருத்த வேண்டிய தேவையும் வராது.

மச்சானிடம் ஒரு மைனர் டிராவலர் இருக்கிறது, மரச்சட்டம் போட்டது, இன்னும் 948தான். அவன் கண்டிப் பயணத்தில் எங்களோடு வந்துவிட்டு, இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, “இன்னொரு 1098 எங்க கிடைக்கும்?” என்பது. போன கிழமை சாவகச்சேரிப் பக்கம் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அண்ணையையும் ஏற்றிக்கொண்டு பார்க்கப் போகிறோம்.