கத்தரிக்கு முன்னால் இரண்டு எழுத்து

வால்டர் ஐசக்சனின் ‘தி கோட் பிரேக்கர்’ 2021இல் வந்த, விறுவிறுப்பான புத்தகம். ஜெனிஃபர் டௌட்னாவின் வாழ்க்கை, காப்புரிமைச் சண்டை, சீனாவில் மரபணு திருத்திப் பிறந்த குழந்தைகள், கொரோனா என்று நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். ஆனால் ஒரு கதாபாத்திரம் பாதியிலேயே காணாமல் போகிறது. பாக்டீரியாதான் அது.

ஸ்பெயின் உப்பளத்து நுண்ணுயிரில் திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ வரிகளைக் கவனித்த பிரான்சிஸ்கோ மொஹிக்காவுக்கும், அது நோயெதிர்ப்பு ஏற்பாடுதான் என்று 2007இல் தயிர் பாக்டீரியாவை வைத்து நிரூபித்த டானிஸ்கோ நிறுவன ஆய்வாளர்களுக்கும் ஐசக்சன் இடம் கொடுக்கத்தான் செய்கிறார். 2012இல் கேஸ்9 புரதம் ஒரு கருவியாக மாறியதும் கதை முழுக்க மனிதர்கள் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அங்கிருந்து எல்லோர் வாயிலும் ‘மரபணுக் கத்தரிக்கோல்’. 2020 நோபல் அறிவிப்பிலும் அதே கத்தரிக்கோல்.

எனக்குச் சண்டை அந்த உருவகத்தோடுதான். டிஎன்ஏவை வெட்டும் நொதிகள் 1970களிலேயே ஆய்வகங்களில் இருந்தன. கேஸ்9இன் அதிசயம் வெட்டுவதில் இல்லை, அது வாசிக்கும் விதத்தில் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். வைரஸ் தாக்கும்போது பாக்டீரியா அதன் டிஎன்ஏவிலிருந்து முப்பது எழுத்து அளவுக்கு ஒரு துண்டை எடுத்துத் தன் மரபணுத் தொகுதியிலேயே செருகிவைக்கிறது. புதிய துண்டு பெரும்பாலும் வரிசையின் முன்னால் சேரும், நாம் ஆபீஸில் பார்க்கும் லாக் ஃபைல் மாதிரி. பிறகு அதன் ஆர்என்ஏ நகலை கேஸ்9 கையில் கொடுத்து, இந்த வரி எங்கே இருந்தாலும் வெட்டு என்கிறது. சரி, அதே வரி பாக்டீரியாவின் சொந்த நூலகத்திலும் இருக்கிறதே! அதை ஏன் வெட்டவில்லை? ஆன்டிவைரஸ் மென்பொருள் தன்னுடைய டெஃபினிஷன் ஃபைலையே வைரஸ் என்று அழித்துவிட்டால் என்ன ஆகும்?

விடை இரண்டு எழுத்தில் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸின் கேஸ்9 முதலில் தன் கையிலுள்ள வரியைத் தேடுவதே இல்லை. ஏதோ ஓர் எழுத்து, அடுத்து இரண்டு ஜி. அதைத்தான் தேடுகிறது. பெயர் பேம். பேம் இல்லாவிட்டால் பக்கத்தில் முழு வரியும் அச்சு அசலாகப் பொருந்தினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. வைரஸில் அந்த இரண்டு ஜி உண்டு. நூலகத்தில் அதே இடத்தில் இருப்பது டி, டி.

1368 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதத்தில் அந்த இரண்டு ஜியைத் தொட்டுப் பார்ப்பவை 1333, 1335ஆம் இடங்களில் இருக்கும் இரண்டு அர்ஜினைன்கள். சூரிச்சில் மார்ட்டின் ஜினெக்கின் குழு 2014இல் படிக அமைப்பாகவே இதைக் காட்டியது. தொட்ட பிறகுதான் டிஎன்ஏ இழைகள் பிரிகின்றன. ஆர்என்ஏ பேம் பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாக ஜோடி சேர்கிறது. போதுமான அளவு சேர்ந்தால்தான் வெட்டும் பகுதி இடம் மாறி வந்து உட்காரும். இத்தனையும் முடிந்து கடைசியில்தான் கத்தரி.

வரியின் பேமுக்குத் தள்ளியுள்ள முனையில் ஓரிரு எழுத்து பொருந்தாவிட்டாலும் கேஸ்9 பல சமயம் வெட்டிவிடும். கத்தரிக்கோல் என்று நினைத்துக்கொண்டால் இது குறைபாடாகத் தெரியும். பாக்டீரியா பக்கத்திலிருந்து பார்த்தால், எழுத்தை மாற்றிக்கொண்டு திரும்பி வரும் வைரஸை விடாமல் பிடிக்க இந்தத் தாராளம் உதவும். அதற்குத் தன் வீட்டில் காவல் காக்க வேண்டியது ஏறக்குறைய 18 லட்சம் எழுத்துகள்தான்.

2023 நவம்பரில் பிரிட்டன் அரிவாள் செல் நோய்க்கு அனுமதித்த காஸ்ஜெவி சிகிச்சையில் வேலை செய்வதும் இதே புரதம்தான். அதே இரண்டு அர்ஜினைன்கள், இப்போது மனித ரத்த ஸ்டெம் செல்லின் 300 கோடி எழுத்துகளுக்கு நடுவே ஜி, ஜி என்று தடவிக்கொண்டிருக்கின்றன. தவறான இடத்தில் வெட்டு விழுமா என்று கேட்கும் நோயாளிக்குக் கத்தரியை மட்டும் காட்டும் புத்தகத்தில் பதில் இல்லை. ஐசக்சன் பாதியில் இறக்கிவிட்ட பாக்டீரியாவிடம் இருக்கிறது.