மூலிகைக் குணம் கூறும் உரைநடை: ஒரு விமர்சன நோக்கு

தமிழில் மூலிகைகள் பற்றி வெளிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்போர், அவற்றின் வாக்கியங்கள் பெரும்பாலும் ஒரே வினைமுற்று வடிவில் முடிவதைக் கண்டிருப்பர். வல்லாரை நினைவாற்றலைப் பெருக்கும். பாகற்காய் சலரோகத்தைக் கட்டுப்படுத்தும். முடக்கொத்தான் வாதத்தைப் போக்கும். 'செய்யும்' என்னும் இம்முற்று மிக்க நெகிழ்ச்சியுடையது. 'நெருப்புச் சுடும்' என்பது மாறாத இயல்பைக் கூறுகின்றது. 'மாலையில் மழை பெய்யும்' என்பது எதிர்பார்ப்பு. இரண்டுக்கும் வடிவம் ஒன்றே. மூலிகைக் கட்டுரையாளர் இந்நெகிழ்ச்சியின் நிழலிலேயே நிற்கின்றார். எதிர்பார்ப்பாகக் கூறத்தக்கதை இயல்பாகக் கூறிவிட்டு, யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள், எதனோடு என்னும் வினாக்களிலிருந்து எளிதில் விலகிக்கொள்கின்றார்.

இதனை வெறும் நடைக்குற்றமெனத் தள்ளிவிடுதல் இயலாது. மருந்துத் தட்டுப்பாடு நாட்டை வாட்டிய 2022இல், மாத்திரை கிடையாத சலரோகக்காரர் ஒருவருக்கு 'கட்டுப்படுத்தும்' என்னும் சொல் இலக்கணச் செய்தியாக அன்றி, வைத்திய ஆலோசனையாகவே ஒலித்திருக்கும்.

களனிச் சூழலில் இவ்வினா மேலும் நெருக்கமானது. காலையில் வீதியோரத்தில் விற்கப்படும் இலைக்கஞ்சி முதல், சுதேச மருந்துக் கடைகளிற் கிடைக்கும் மரக்கிண்ணம் வரை, மூலிகை இங்கு அன்றாட வாழ்வின் பகுதி. யக்கலையில் அமைந்த கம்பஹா விக்கிரமாராச்சி ஆயுர்வேத நிறுவகம் 1995 முதல் களனிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்து, 2021இல் சுதேச வைத்தியத்துக்கான தனிப் பல்கலைக்கழகமாயிற்று. களனியின் மருத்துவபீடமோ றாகமையில் இயங்குகின்றது. ஆகவே ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் சுதேச வைத்தியமும் மேனாட்டு மருத்துவமும் ஒரே பல்கலைக்கழகத்தின் நிழலில் வாழ்ந்தன. அவ்விரண்டில் எதனுடைய மொழியும் மேற்கூறிய கட்டுரைகளின் மொழி அன்று என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

மரபு இவர்களுக்குத் துணைநிற்கின்றது என்பது பொதுவான எண்ணம். ஆயின் மரபு நூல்களைத் திறந்து பார்ப்போர் வேறொன்றைக் காண்பர். செகராசசேகரம், பரராசசேகரம் ஆகியன யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் மருத்துவச் செய்யுள் நூல்கள். ஏட்டிலிருந்த இவற்றை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சேற்றிய பெருமை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளைக்கு உரியது. இத்தகைய நூல்களிலும் மிகைக்கூற்றுக்குப் பஞ்சமில்லை. பல நோய்களை ஒருங்கே அடுக்கி, எல்லாம் 'போம்' என்று முடிக்கும் செய்யுள்கள் மருத்துவ இலக்கியத்தில் ஏராளம். எனினும் சித்த மருத்துவச் செய்யுள் நோயின் குறியைக் கூறும். சரக்குகளின் நிறையைக் கழஞ்சென்றும் பலமென்றும் கூறும். எட்டிலொன்றாய் வற்றக் காய்ச்சுக என்னும். அனுபானத்தையும் பத்தியத்தையும் விதிக்கும். நச்சுச் சரக்காயின் முதலிற் சுத்தி செய்யப் பணிக்கும்.

பதார்த்தகுண சிந்தாமணி போன்ற குணநூல்கள் மகடூஉ முன்னிலையாகப் பெண்ணொருத்தியை விளித்துப் பாடுவன. அது செய்யுள் மரபு. உண்மையில் அச்செய்யுளைக் கேட்டவன் ஆசிரியர் அருகில் இருந்து நாடி பார்க்கப் பழகிய மாணவன். செய்யுள் அவனுக்கு நினைவுக் குறிப்பே. எஞ்சியதை ஆசிரியரின் கையும் கண்ணும் கற்பித்தன. இன்றைய கட்டுரையாளர் அச்செய்யுளிலிருந்து பெயரையும் பயனையும் எடுத்துக்கொண்டு, நிறையையும் பத்தியத்தையும் ஆசிரியரையும் விட்டுவிடுகின்றார். மரபைப் போற்றுவதாகக் கூறிக்கொண்டு மரபின் பாதியை அகற்றும் செயல் இது.

நிபந்தனையோடு கூறுதல் தமிழ் உரைநடைக்கு இயலாதது என வாதிப்பாரும் உளர். மானிப்பாயில் 1848 முதல் தமிழ் மாணவருக்கு மேனாட்டு மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் இவ்வாதத்தை எப்பொழுதோ முறியடித்துவிட்டார். இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் எழுந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சத்திர சிகிச்சையையும் இரசாயனத்தையும் தாங்கிய உரைநடைக்கு, இன்று 'சிறுநீரக நோயுள்ளோர் தவிர்க்க' என்னும் மூன்று சொற்களைத் தாங்கும் வலு இல்லையென்று கூறுதல் நகைப்புக்குரியது.

இக்கட்டுரைகள் விரும்பிக் கையாளும் ஓர் எடுத்துக்காட்டை விரிவாக நோக்குவோம். சிங்களத்தில் கொத்தல ஹிம்புட்டு எனப்படும் கொடி இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளர்வது. தாவரவியலார் இதனைச் சலாசியா ரெற்றிக்குலாற்றா என்பர். இதன் தண்டினாற் கடைந்த கிண்ணத்தில் இரவு நீரை ஊற்றி வைத்துக் காலையிற் பருகுதல் இந்நாட்டுச் சலரோகக்காரரிடையே நெடுங்கால வழக்கு. தமிழ்க் கட்டுரைகளில் இக்கொடிக்குக் கடலழிஞ்சில், ஏகநாயகம், பொன்கொரண்டி என வெவ்வேறு பெயர்கள் வழங்குகின்றன. இப்பெயர்களுட் சில அதே இனத்தின் வேறு கொடிகளுக்கும் உரியன. பெயரே உறுதிப்படாதவிடத்துக் குணம் உறுதிப்படுவது எங்ஙனம் என்னும் ஐயம் கட்டுரையாளருக்கு எழுவதேயில்லை. அழிஞ்சில் என்னும் தனி மரமொன்றும் உண்டு என்பதை எண்ணும்போது ஐயம் அச்சமாகவும் மாறலாம்.

இக்கொடியின் ஆய்வு வரலாறு இலங்கைக்கு மதிப்பளிப்பது. கொழும்பு உயிரிரசாயன ஆய்வாளரான கருணாநாயக்க, வெலிஹிந்த முதலியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வொன்று, குருதியின் வெல்ல மட்டத்தைக் குறைக்கும் இலங்கை மூலிகைகளை ஆராய்ந்தது. பின்னர் 1997இல் யப்பானின் கியோத்தோ மருந்தியற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோசிகாவா குழுவினர் இக்கொடியிலிருந்து சலசினோல் என்னும் சேர்வையைப் பிரித்து அதன் அமைப்பை வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் வெளிவந்த மற்றொரு சேர்வைக்கு இட்ட பெயர் கொத்தலனோல். சிங்களக் கிராமத்துப் பெயர் உலக இரசாயனத்தில் இவ்வாறு இடம்பெற்றது.

சலசினோல் செய்யும் வேலை யாது? சிறுகுடலில் மாப்பொருளின் சிதைவுப் பகுதிகளைக் குளுக்கோசாக உடைக்கும் நொதியங்களை அது தடுக்கின்றது. அகார்போசு என்னும் மருந்து செய்வதும் இதுவே. எனவே உணவுக்குப் பின்னர் குருதியிற் குளுக்கோசு விரைந்து ஏறுவதை அது மெதுவாக்கும். சதையியைப் புதுப்பிப்பது அதன் வேலையன்று. மாப்பொருள் உணவு குடலில் உள்ளபோதே அதற்கு வேலை உண்டு. புதிதாய்க் கடைந்த கிண்ணமும் பல மாதம் நீரூறிய கிண்ணமும் ஒரே அளவு சேர்வையைத் தருமென எதிர்பார்ப்பதற்கும் நியாயமில்லை. ஆனால் தமிழ்க் கட்டுரைகள் பலவற்றில் இக்கிண்ணம் 'சலரோகத்தை அடியோடு நீக்கும்' பாத்திரமாகவே காட்சியளிக்கின்றது.

இலங்கையில் நிகழ்ந்து 2005இல் வெளியான மருத்துவ ஆய்வொன்று இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. இக்கொடி சேர்ந்த தேநீரை 51 நோயாளர் மூன்று மாதமும், அதைப் போன்ற வெற்றுத் தேநீரை மற்றொரு மூன்று மாதமும் அருந்தினர். எது எத்தேநீர் என்பது அருந்தியோருக்கும் தெரியாது, அளந்தோருக்கும் தெரியாது. நீண்டகாலக் குருதி வெல்ல நிலையைக் காட்டும் கிளைக்கோசேற்றிய ஈமோகுளோபின் மூலிகைத் தேநீரின் பின் 6.29 வீதமாகவும், வெற்றுத் தேநீரின் பின் 6.65 வீதமாகவும் இருந்தது. வேறுபாடு உண்மையானது, சிறியதும்கூட. 'உண்மையானது, சிறியது' என்னும் இவ்விரு சொற்களையும் ஒரே வாக்கியத்தில் வைக்கத் தெரிந்த தமிழ்க் கட்டுரை அரிது. புகழ்வோர் முதற் சொல்லோடு நின்றுவிடுகின்றனர்; இகழ்வோருக்கு இரண்டாவதே போதுமானதாகின்றது.

பாகற்காயின் கதையும் இத்தகையதே. கொழும்பு ஆய்வாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், பாகற்காய்ச் சாறு அருந்திய சலரோகக்காரருள் 73 வீதத்தினரிடம் குளுக்கோசு தாங்குதிறன் மேம்பட்டது. 27 வீதத்தினரிடம் பயன் காணப்படவில்லை. ஆய்வாளர் இரண்டையும் எழுதினர். அந்த 27 வீதத்தினர் தமிழ்க் கட்டுரைகளுக்குள் வரும்போது காணாமற் போய்விடுகின்றனர்.

காணாமற்போகும் மனிதர் எங்கே சென்று சேர்கின்றனர் என்பதைத் தமரத்தங்காய் காட்டுகின்றது. காமரங்கா எனச் சிங்களத்தில் வழங்கும் இக்காய் வீட்டுத் தோட்டங்களிற் காய்ப்பது, ஐந்து விளிம்புடையது, ஊறுகாய்க்கு உகந்தது. இதன் சாறு சலரோகத்துக்கு நன்றென்னும் நம்பிக்கையும் நாட்டில் உண்டு. ஆனால் அச்சாற்றில் ஒட்சலேற்று மிகுதி. வெறுவயிற்றில் மிகுதியாக அருந்தும்போது அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களிற் பளிங்காகப் படிந்து அவற்றைச் சிதைக்க வல்லது. ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தவரிடத்து அதே காயிலுள்ள மற்றொரு சேர்வை மூளையையும் தாக்கும். ஓயாத விக்கல் அதன் முதல் அடையாளங்களுள் ஒன்று. இவ்வாறு பாதிக்கப்பட்ட இலங்கை நோயாளர் பற்றிய அறிக்கைகள் 2015இலும் 2018இலும் மருத்துவ ஏடுகளில் வெளிவந்துள்ளன. அவர்களுட் சிலர் சலரோகத்துக்கு மருந்தென எண்ணியே அச்சாற்றை அருந்தியோர். சலரோகம் நாட்பட்டால் முதலிற் பழுதுறும் உறுப்புக்களுள் சிறுநீரகமும் ஒன்று. ஆகவே அக்கட்டுரை எவரை நோக்கி எழுதப்படுகின்றதோ அவரே அக்காயால் மிக எளிதில் ஊறுபடக்கூடியவர். 'இயற்கையானது, ஆதலால் தீங்கற்றது' என்னும் தொடரை எழுதும் கை இந்தப் பொருத்தத்தை அறியாது.

இவ்வாறு கூறுதல் சுதேச வைத்தியத்துக்கு எதிரான குடியேற்றவாத மனப்பான்மை எனச் சிலர் குறைகூறக்கூடும். அக்குறையில் வரலாற்று நியாயம் சிறிது உண்டு. மேனாட்டு மருத்துவம் ஆட்சியதிகாரத்தின் துணையோடு வந்து உள்ளூர் வைத்தியரை ஒதுக்கியது உண்மையே. ஆனால் ஒதுக்கப்பட்ட வைத்தியர் பத்தியம் விதித்தார். நோயாளி எதிரில் அமர்ந்திருந்தார்; மருந்து ஒவ்வாவிடின் மறுநாள் அவரிடமே திரும்பி வந்தார். கட்டுரையாளரிடம் எந்த நோயாளியும் திரும்பி வருவதில்லை. 1984 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. பின்னர் திருகோணமலையிலும் அது கற்பிக்கப்படலாயிற்று. அங்குப் பயில்வோர் குணபாடத்தோடு நஞ்சு நூலையும் கற்கின்றனர். சுதேச வைத்தியத்தின் பெயரால் வரும் பொதுக்கட்டுரைகளிலோ நஞ்சு நூலுக்கு ஒரு பந்திகூட ஒதுக்கப்படுவதில்லை.

தமிழிற் புனைகதைக்கும் கவிதைக்கும் விமர்சகர் உளர். ஒரு சிறுகதையின் பாத்திர வார்ப்பு பற்றிப் பல பக்கங்கள் எழுதப்படுகின்றன. மிகப் பரவலாக வாசிக்கப்பட்டு, வாசித்தவுடன் உட்கொள்ளவும்படுகின்ற இவ்வுரைநடையோ விமர்சனத்தின் பார்வைக்கு வெளியிலேயே இதுவரை இருந்துவந்துள்ளது. தமிழ்த்துறை மாணவர் ஒருவர் இத்தகைய பத்துக் கட்டுரைகளை எடுத்து, அவற்றில் 'ஆனால்', 'ஆயின்', 'தவிர' என்னும் சொற்கள் எத்தனை முறை வருகின்றன என எண்ணிப் பார்ப்பாராயின், அதற்கு மருத்துவ அறிவு எதுவும் வேண்டியதில்லை.