இறாலுக்கு ஏசி

"மனுசனுக்கே ஏசி இல்லாத ஹால்ல இறாலுக்கு ஏசியா?" என்று அம்மா கேட்டார். பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. குழம்பில் போடுகிற இறாலாக இருந்தாலாவது ஒரு நியாயம் இருந்திருக்கும். இது ஒரு அங்குலம் வளர்ந்தாலே அதிகம். உடம்பெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட 'கிரிஸ்டல் ரெட்'. தென்சீனத்து ஓடைகளில் வாழும் தேனீ இறாலில் எப்போதோ தென்பட்ட சிவப்பு நிறத்தைப் பிடித்துக்கொண்டு, ஜப்பானின் ஹிசயாசு சுசுகி 1990களில் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி உருவாக்கிய வகை. தண்ணீர் 20 முதல் 24 டிகிரிக்குள் இருந்தால் குடும்பம் பெருக்கும். 28ஐத் தாண்டினால் ஒவ்வொன்றாகப் போய்ச்சேரும். என் வீடோ சென்னையில், மொட்டை மாடிக்கு நேர் கீழே.

ஏப்ரல் இரண்டாவது வாரம். ஹாலில் மதியம் 34 டிகிரி, தொட்டித் தண்ணீர் 32.5. சூடான தண்ணீரின் தொல்லை சூடு மட்டுமல்ல. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும்; 32 டிகிரியில் அது 7.3 ஆகிவிடும். அதே வேளையில், சூடு ஏற ஏற உயிர்களுக்கு மூச்சுத் தேவை கூடும். வரவு குறைந்து செலவு கூடுகிற வீட்டுக் கணக்குதான். இறால்களை நண்பர் வீட்டு ஏசி அறையில் அடைக்கலம் வைத்துவிட்டு, மண்ணும் பாசியும் நாலு நத்தையும் மட்டும் இருந்த தொட்டியில் சோதனையைத் தொடங்கினேன். தொட்டி இரண்டடி நீளம். மண் போக 55 லிட்டர் தண்ணீர்.

முதலில் தெர்மாமீட்டரையே நம்பவில்லை. ஐஸைப் பொடித்து, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுக் கலக்கி, அதில் முனையை வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். வீட்டில் இருந்த மூன்றில் ஒன்று 0.2 காட்டியது, ஒன்று 1.4, கண்ணாடியில் ஒட்டுகிற பட்டையைச் சோதிக்கவே வழியில்லை. முதலாவதை வைத்துக்கொண்டேன். கீழே வரும் எண்கள் எல்லாம் அது சொன்னவை. மின்சாரக் கணக்குக்குப் பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர்.

கொளத்தூரில் ஒரு கடையில் தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கேட்டதும் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன மீன் தம்பி? கப்பின்னா ஃபேன் போதும், காச வீணாக்காதீங்க." விற்க வேண்டியவரே வேண்டாம் என்கிறாரே என்று அந்த ஃபேனையே முதலில் வாங்கினேன். தொட்டி விளிம்பில் மாட்டும் இரட்டை விசிறி, மொத்தம் 5 வாட். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வித்தையால்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தைத் தன்னோடு கொண்டுபோகிறது. இரண்டே மணி நேரத்தில் தண்ணீர் இறங்கத் தொடங்கி, மறுநாள் மதியம் 29.5ல் நின்றது. மூன்று டிகிரி. ஐந்து வாட்டுக்கு இது அபாரம். ஆனால் அதற்குக் கீழே ஒரு பொட்டுகூட இறங்கவில்லை. கடற்காற்று வந்து காற்றில் ஈரம் ஏறினால் தண்ணீர் ஆவியாக மறுக்கிறது. மாலையில் உடம்பு வியர்வை காயாமல் பிசுபிசுக்கிறதே, அதே கதை. கோயம்புத்தூர், ஓசூர்க்காரர்களுக்கு இந்த ஃபேனே சில்லர் வேலையைப் பார்த்துவிடும். தினமும் ஏறக்குறைய இரண்டு லிட்டர் ஆர்ஓ தண்ணீர் விட்டு நிரப்ப வேண்டியிருந்தது. குழாய்த் தண்ணீரை விட்டால் டிடிஎஸ் ஏறிக்கொண்டே போகும், அதையும் இந்த இறால் தாங்காது.

ஐஸ் பாட்டில் வைத்தியத்தையும் விடவில்லை. உறைந்த ஒரு லிட்டர் பாட்டில் முழுவதும் உருகித் தண்ணீரோடு ஒன்றாகும்போது இந்தத் தொட்டியை இரண்டு டிகிரி அளவுக்கு இறக்கும். மூன்று மணி நேரத்தில் பழையபடி ஏறிவிடும். இறாலைச் சூட்டைவிட வேகமாகக் கொல்வது இந்த ஏற்ற இறக்கம். ஆஸ்பத்திரி வார்டு போல மூன்று மணி நேரத்துக்கொரு முறை எழுந்து பாட்டில் மாற்ற எனக்குத் தெம்பும் இல்லை.

அடுத்தது பெல்டியர் பெட்டி. 5,000 ரூபாய்க்குள் கிடைக்கும், கைக்கு அடக்கம், கம்ப்ரஸர் இல்லை, சத்தமும் குறைவு. சின்னத் தொட்டிக்குச் சின்னச் சில்லர் என்ற ஆசையைக் கிளப்புவது இதுதான். பிரெஞ்சுக்காரர் பெல்டியர் 1834ல் கண்டுபிடித்த விளைவில் ஓடுகிறது: இரண்டு வேறு பொருள்களின் இணைப்பில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். நான்கு சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு தகடு, சுடும் பக்கத்தில் அலுமினியச் சீப்பும் விசிறியும், குளிர் பக்கத்தில் தண்ணீர் ஓடும் குட்டி அறை. அட்டையில் '60 லிட்டர் வரை' என்று அச்சிட்டிருந்தார்கள். எந்த ஊர் வெயிலில் என்று அச்சிடவில்லை.

ஃபேனைக் கழற்றிவிட்டு இதை இரண்டு நாள் ஓட்டினேன். தண்ணீர் 32.5லிருந்து 30.4க்கு வந்தது, அங்கேயே குந்திவிட்டது. வாட் மீட்டரில் ஓயாத 70 வாட். குறித்த வெப்பநிலையைத் தொட்டால்தானே தெர்மோஸ்டாட் நிறுத்தும்; இது தொடவே இல்லை, அதனால் நிற்கவும் இல்லை. ஒரு நாளைக்கு 1.7 யூனிட். குறை அந்தப் பெட்டியுடையது மட்டுமல்ல, வித்தையே அப்படி. தகட்டின் இரு பக்கத்துக்கும் சூட்டு இடைவெளி கூடக் கூட, அது கடத்தும் வெப்பம் சரிந்துகொண்டே போகும். சுடும் பக்கத்தை ஆற்ற வேண்டியதே என் வீட்டு 34 டிகிரி காற்று. 70 வாட் தின்றுவிட்டு 20 வாட் வெப்பத்தை வெளியேற்றினாலே அதற்குப் பெரிய காரியம். 5 லிட்டர் பெட்டா தொட்டிக்கு ஒருவேளை ஆகலாம். ஆனால் பெட்டாவுக்கு எதற்குக் குளிர்?

கடைசியில் கம்ப்ரஸர். 1/10 ஹெச்பி சில்லர், ஜிஎஸ்டியோடு 24,500 ரூபாய் கொடுத்தேன். ஒரே பெட்டிதான் பல பெயர்களில் வருகிறது என்பது கடைகடையாக ஏறியதில் புரிந்தது. அதனால் பெயரை விட்டுவிட்டு மூன்று கேள்விகளை மட்டும் எல்லாக் கடையிலும் கேட்டேன். குளிர்விக்கும் திறன் எத்தனை வாட்? ஹெச்பி என்பது மோட்டாரின் பலம், அது குளிரின் அளவு அல்ல. தண்ணீர் படும் சுருள் டைட்டானியமா? செம்பு என்றால் இறாலுக்கு விஷம், அந்தப் பேச்சே வேண்டாம். அதற்கு வேண்டிய நீரோட்டம் மணிக்கு எத்தனை லிட்டர்? முதல் கேள்விக்குப் பாதிக் கடைகளில் பதிலே இல்லை. பெட்டியில் இருப்பதை வாசித்துக் காட்டினார்கள்.

கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க 1.16 வாட்-மணி வேண்டும். 55 லிட்டரை எட்டு டிகிரி இறக்க 510. ஆனால் இது ஒருமுறைச் செலவு. ஓயாத செலவு வேறு: கண்ணாடி வழியாக நாள் முழுக்க உள்ளே வரும் சூடு. என் தொட்டிக்கு, அறைக்கும் தண்ணீருக்கும் பத்து டிகிரி இடைவெளி என்றால் அது 45, 50 வாட்டாவது இருக்கும். அதன்மேல் விளக்கு, பம்ப். ஆக 80 வாட் வெப்பத்தை விடாமல் வெளியே தள்ளுகிற பெட்டி வேண்டும்; மே மாதத்தை நினைத்து அதற்கு இரண்டு மடங்கு. லிட்டர் கணக்கைப் பார்த்துச் சில்லர் வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். லிட்டர் எத்தனை என்பதைவிட, உங்கள் ஹால் எத்தனை டிகிரி என்பதுதான் முக்கியம்.

மாட்டுவது அரை நாள் வேலையாகிவிட்டது. கேனிஸ்டர் ஃபில்டரிலிருந்து வெளியே வரும் தண்ணீர் சில்லருக்குள் போய்த் தொட்டிக்குத் திரும்ப வேண்டும். ஃபில்டருக்கு முன்னால் சில்லரை வைத்தால் சுருளில் அழுக்கு அடைத்துக்கொள்ளும். ஹோஸ் அளவு பொருந்தாமல் ஹார்டுவேர் கடைக்கு இரண்டு முறை ஓடினேன். 24,500 ரூபாய் பெட்டியோடு பத்து ரூபாய் கிளிப் நாலு போடக் கூடாதா? 10 லிட்டர் பக்கெட் நிரம்ப முன்பு 75 விநாடி, சில்லர் நடுவில் வந்தபின் 90. மணிக்கு 400 லிட்டர், கேட்ட அளவுக்குள்தான்.

சுவிட்சைப் போட்டேன். 32ல் தொடங்கி 24ஐ நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே தொட்டது. நத்தைகள் மட்டும் இருந்ததால் இந்த அவசரம். உயிருள்ள தொட்டியென்றால் நாளுக்கு ஒரு டிகிரி வீதம் இறக்க வேண்டும். ஓடும்போது 130 வாட். 24ஐத் தொட்டதும் நின்று, 25ல் மறுபடி தொடங்குகிறது. பெட்டியின் திரை 24 என்றபோது என் தெர்மாமீட்டர் 24.6 என்றது, மன்னிக்கக்கூடியதே. சராசரியாக மணிக்கு 27 நிமிடம் ஓட்டம், ஒரு நாளில் 1.4 யூனிட். ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு வந்த பெல்டியர் இரண்டு டிகிரிக்கு 1.7 யூனிட் தின்றது. இது எட்டு டிகிரிக்கு அதைவிடக் குறைவாகத் தின்கிறது.

பின் பக்கத்திலும் இரு பக்கவாட்டிலும் தெர்மோகோல் ஒட்டினேன். 27 நிமிடம் 21 ஆயிற்று, மின்சாரம் 1.1 யூனிட். இத்தனை சோதனையில் செலவுக்கு அதிகப் பலன் கொடுத்தது இந்த நாற்பது ரூபாய் அட்டைதான். இரண்டு மாதத்துக்கு 66 யூனிட் பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் கோடையில் 500 யூனிட் ஓரத்தில் நிற்கிற வீடாக இருந்தால், அந்தக் கோட்டைத் தாண்டியதும் அடுக்கு மாறி மொத்த பில்லும் எகிறும்.

யாரும் எச்சரிக்காத சங்கதி ஒன்று. இடையில் ஒருநாள் 23 வைத்துப் பார்த்தேன். மாலையில் தொட்டிக்கு வேர்த்துவிட்டது. கோடையில் சென்னைக் காற்றிலிருக்கும் ஈரம் 25 டிகிரிக்குக் கீழே இருக்கிற எதைத் தொட்டாலும் துளியாகிவிடுகிறது. முன்கண்ணாடியில் தாரை தாரையாக இறங்கி, ஸ்டாண்டின் பிளைவுட் ஓரம் ஊறி உப்பியது. அப்படி ஈரம் படியும்போது அதன் வெப்பமும் தொட்டிக்குள் சேர்கிறது, சில்லருக்கு அது கூடுதல் சுமை. 24ல் வைத்து, அடியிலும் ஒரு தெர்மோகோல் பலகை கொடுத்தபின் வேர்வை துடைத்தால் அடங்குகிற அளவுக்கு வந்தது. ஆவியாவது ஏறக்குறைய நின்றுபோனதால் டாப்-அப் வேலையும் மிச்சம்.

ஸ்டாண்டுக்குள் சில்லரை ஒளித்து வைத்தால் பார்க்க அழகு. கதவை மூடி ஒரு மணி நேரம் ஓட்டினேன். உள்ளே காற்று 46 டிகிரி. தான் விட்ட சூட்டையே தான் உறிஞ்சி, 26க்குக் கீழே இறங்க முடியாமல் கம்ப்ரஸர் ஓயாது உறுமியது. வெளியே எடுத்து வைத்தேன். இப்போது அந்தச் சூடு ஹாலில். மூடிய ஹாலில் மாலைக்குள் ஒரு டிகிரி ஏறியிருந்தது. அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை, அவரே கண்டுபிடித்தார்.

சத்தம் பழைய ஃபிரிட்ஜ் அளவு. ஹாலில் பரவாயில்லை, படுக்கையறையில் வேண்டாம். தொடங்கும்போது 'டக்' என்று ஒரு அதிர்வு. கீழே ரப்பர் பாய் போட்டதும் பாதியானது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் ஐந்து மணி நேரம் கரன்ட் இல்லை. 24லிருந்து 27.4 வரைதான் ஏறியது. வீட்டு இன்வர்ட்டரில் இதைச் சேர்க்கவில்லை. கம்ப்ரஸர் தொடங்கும் நொடியில் இழுக்கும் மின்சாரத்துக்கு அது தயாரில்லை. பேட்டரியில் ஓடும் காற்றுக்குமிழ் பம்ப் போதும். கரன்ட் வந்ததும் மூன்று நிமிடம் காத்திருந்துதான் கம்ப்ரஸர் எழுகிறது, அது பழுதல்ல, பாதுகாப்பு.

கப்பி, டெட்ரா, பெட்டா, ஏஞ்சல் வைத்திருப்பவர்கள் கொளத்தூர்க்காரர் பேச்சைக் கேளுங்கள். டிஸ்கஸ்காரர்களுக்கு 28 முதல் 30தான் வேண்டும், அவர்கள் இதைப் படித்ததே வீண். பட்டை இறால், மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலிருந்து வரும் மிஸ் கேரளா, சிலவகைப் பாசிகள், இப்படிக் குளிர்ந்த ஊர்க்காரர்களைச் சமவெளிக்கு அழைத்து வருகிறவர்களுக்கு மட்டும் கம்ப்ரஸர். பெல்டியரை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இறால்கள் திரும்பி வந்து ஆறு வாரம் ஆகிறது. வயிற்றில் முட்டையோடு இரண்டு திரிகின்றன. பதினைந்து நாளுக்கொரு முறை சில்லரின் வலையைக் கழற்றித் தூசு தட்டினால் ஓட்டம் இரண்டு நிமிடம் குறைகிறது. பெல்டியர் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கடையில் மறுத்துவிட்டார்கள். அதைப் பிரித்து, விசிறியை மட்டும் கழற்றி, சில்லரின் பின்னால் பால்கனியைப் பார்த்து மாட்டியிருக்கிறேன். சூட்டுக்காற்று இப்போது அம்மாவின் நாற்காலிப் பக்கம் வருவதில்லை.